புள்ளிக்காரர் விதைத்த பயறு

செய்தி வந்தபோது மணி மூன்று பத்து. மருமகனுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் கூட்ட அறைக்குள் தேநீர் வந்தது; தேநீர் வந்துவிட்டால் யாராக இருந்தாலும் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்பது இயக்குநரின் எழுதப்படாத சட்டம். நிறுத்துவதற்கு முன் அவன் கடைசியாகச் சொன்னது இதுதான்: "மேற்குப் பகுதியில விவசாய நிலம் குறையறது நாலு வருஷமா தானாவே நின்னுடுச்சு சார்."

அவன் சுவரில் போட்டுக் காட்டிய கோடு முப்பது ஆண்டுகளாக மாடிப்படிபோல இறங்கி வந்து, கடைசியில் மட்டும் தரையைத் தொட்டதுபோலச் சமமாக ஓடியது. அறையில் இருந்த எல்லாக் கண்களும் அந்தக் கடைசித் துண்டின் மேல்தான் இருந்தன. இயக்குநர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, "அப்போ, விளைநிலத்தை மனை போடக்கூடாதுன்னு தடைச் சட்டம் இப்போதைக்குத் தேவையில்லைன்னு எழுதிடலாமா?" என்று கேட்டார்.

"எழுதிடலாம் சார்."

சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. மனைவி. அவன் அறைக்கு வெளியே வந்து எடுத்தான்.

"அப்பா போயிட்டார்," என்றாள்.

"எங்கே?"

"ஏதோ வயல்லயாம். தண்ணிக் கேனோட விழுந்து கிடந்தாராம். டயர்க்கடைக்காரர் ஒருத்தர் பார்த்துட்டு ஃபோன் பண்ணினார்."

"வயல்லயா? இப்ப சர்வே சீசன் இல்லையே?"

மாமனார் இறந்த செய்தியைக் கேட்டதும் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் இவை. அந்த இடத்திலேயே அவனுக்கு முகம் சுட்டது. அதற்குப் பிறகு பட்ட வெட்கங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மாமனாரை அவர் வேலை பார்த்த மேற்குப் பகுதியில் எல்லோரும் புள்ளிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாட்டில் எத்தனை ஏக்கரில் பயிர் நிற்கிறது என்று ஆண்டுதோறும் அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் நாடு முழுவதும் சீரான இடைவெளியில் புள்ளிகள் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் இரும்புக் குச்சியை அடித்து வைத்திருந்தார்கள். சீசனுக்கு ஒருமுறை ஆள் போய் அந்தக் குச்சியருகே நிற்க வேண்டும். குச்சியைச் சுற்றி மூன்று மீட்டர் வட்டத்துக்குள் பயிர் இருந்தால் "சாகுபடி" என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் "சாகுபடி இல்லை". அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒவ்வொரு குச்சியும் ஆயிரம் ஏக்கருக்குப் பதிலாக நிற்கிறது என்று கணக்கு. ஒரு குச்சி விழுந்தால், அதாவது அங்கே "சாகுபடி இல்லை" என்றாகிவிட்டால், தலைமை அலுவலகத்தில் ஆயிரம் ஏக்கர் விழும்.

புள்ளிக்காரர் இருபது வயதில் அளவுச் சங்கிலி இழுக்கிற ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வுபெற்ற பிறகும், குச்சிகள் எங்கே இருக்கின்றன என்று அவரைப்போல வேறு யாருக்கும் தெரியாததால், ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். கறுத்து மெலிந்த உடம்பு. வெயிலுக்குத் தொப்பி போடமாட்டார். தலையே கவிழ்த்து வைத்த தட்டுபோல இருக்கும், அதற்கு மேல் எதற்கு இன்னொன்று என்பார். அவருக்கு ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அங்கே கடைசியாக என்ன பயிர் நின்றதோ அதன் பெயரால்தான் சொல்வார். மகளின் கல்யாண மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு சம்பந்தியிடம், "நல்ல வெங்காயம் சார் இது. ஒவ்வொண்ணும் கை அகலம்," என்று சொல்ல, சம்பந்தி சமையற்கட்டைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினார். மருமகன் அடுக்குமாடியில் வீடு வாங்கியபோது பால்கனியில் நின்று கீழே பார்த்துவிட்டு, "நீங்க குடியிருக்கறது வெள்ளரிக்காயில மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி போகணும்னா மக்காச்சோளத்தைத் தாண்டி இடது பக்கம்," என்றார்.

மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். மருமகன் மரியாதைக்குச் சிரித்தான். உள்ளுக்குள், இந்த மனிதர் என் அலுவலக நண்பர்கள் வரும்போது இப்படிப் பேசாமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது. அவன் அதே துறையின் தலைமை அலுவலகத்தில் பகுப்பாய்வுப் பிரிவுக்குத் தலைவன். மாமனார் எழுதி அனுப்பும் "சாகுபடி"களும் "சாகுபடி இல்லை"களும் பல மேசைகள் ஏறி இறங்கி, கடைசியில் அவன் கணினியில் எண்களாக வந்து உட்காரும். இருவரும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் எங்காவது உறவைச் சொல்ல வேண்டி வந்தால் அவன், "மாமனார் ஃபீல்டுல இருக்கார்," என்பதோடு முடித்துக்கொள்வான்.

அடக்கம் முடிந்த மறுநாள், மாமனாரின் மொபெட் அங்கேயே கிடக்கிறது என்று டயர்க்கடைக்காரர் திரும்பவும் ஃபோன் செய்தார். எடுத்து வர மருமகன் பேருந்தில் போனான். கடை நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. பின்னால் பெரிய தரிசு. முட்செடியும் உடைந்த பாட்டில்களும், எப்போதோ ஓடிய வாய்க்காலின் தடமும்.

டயர்க்கடைக்காரர் ஒரு லாரிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அந்த நிலமும் அவருடையதுதான். "வாங்க. நீங்கதான் அந்த ஆபீசர் மாப்பிள்ளையா? உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது. காது புளிச்சிடுச்சு," என்றார். அவனுடைய கைகளைத் தம் கிரீஸ் கைகளால் பிடித்துக்கொண்டு, "நல்ல சாவுங்க. நம்ம பக்கத்துல கடைசி விவசாயி அவர்தான்," என்றார்.

"விவசாயியா? அவர் சர்வே பண்றவர்."

"சர்வே எல்லாம் எனக்குத் தெரியாது. வந்து பாருங்க."

முட்செடிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார். ஒரு திருப்பம் தாண்டியதும், கண்ணைப் பறிக்கிற பச்சையில், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல ஒரு வட்டம். பயறு. பூவும் பிஞ்சுமாக நின்றது. நடுவில் இரும்புக் குச்சி. வட்டத்துக்கு வெளியே ஒரு செடிகூட இல்லை. விளிம்பில் ஒரு தண்ணீர்க் கேன் கவிழ்ந்து கிடந்தது.

"கவர்மென்ட் ஆராய்ச்சியாங்க இது? நான் சும்மாதான் போட்டு வெச்சிருக்கேன், நல்ல விலை வந்தா மனை போடக் குடுத்துடலாம்னு. நாலு வருஷம் முன்னாடி வந்து, ஒரு ஓரமா ஏதாவது வெச்சுக்கட்டுமான்னு கேட்டார். தாராளமான்னேன். பார்த்தா, ஓரத்தை விட்டுட்டு நட்ட நடுவுல வெக்கறார்! என்ன சார், இவ்வளவு சின்ன வயலான்னு கேட்டேன். 'சின்னதா? இது ஆயிரம் ஏக்கர்'னார். வெயில்ல மூளை குழம்பிடுச்சு போலன்னு அன்னிக்கு மோர் வாங்கிக் குடுத்து அனுப்பினேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க மட்டும் இல்லீங்க. பெட்ரோல் பங்க் பின்னாடி ஒண்ணு இருக்கு. கோழிப்பண்ணை பக்கத்துல ஒண்ணு. வண்டியில தண்ணியைக் கட்டிக்கிட்டு சுத்திச் சுத்தி வருவார்."

மருமகன் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் போனான். இன்னொரு கேன் பின்னிருக்கையில் கயிற்றால் கட்டியபடியே இருந்தது. அதை அவிழ்க்கத் தோன்றவில்லை. பதினோரு இடங்களில் பச்சை வட்டம் இருந்தது. ஒன்றில் ஆடுகளுக்குப் பயந்து முள்வேலிகூடப் போட்டிருந்தார், துணி காயப்போடுகிற கிளிப்புகளால் முள்ளைக் கம்பியில் மாட்டி. அதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆளில்லாத தரிசில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மண்டியிட்டு உட்கார வேண்டியதாயிற்று.

அந்தச் சமமான கோட்டுக்கு அவன் என்னென்னவோ காரணம் எழுதியிருந்தான். வாய்க்கால் சீரமைப்பு, விலை ஆதரவு, இளைஞர்கள் விவசாயத்துக்குத் திரும்புதல். அதை வைத்துக் கட்டுரை எழுதி, கைதட்டல் வாங்கி, அதனால் தடைச் சட்டத்தைப் பற்றி முடிவு சொல்கிற குழுவிலும் இடம்பிடித்தான். அந்தக் கோடு ஒரு பழைய மொபெட்டின் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எதனால் தொடங்கியது என்றும் அங்கே மண்டியிட்டிருக்கும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சீசனில், தற்செயலாக, மாமனாரின் பகுதியில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அன்று மருமகனுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. நல்ல மனநிலையில் இருந்தான். மாமனாரிடம் எப்போதும் மனைவிதான் பேசிவிட்டு ஃபோனை நீட்டுவாள். அன்று முதல்முறையாக அவனே அழைத்தான்.

"மாமா, உங்க பகுதியில இந்த வருஷம் ஒரு புள்ளிகூட விழலை. நாடு பூரா எனக்கு இப்படியே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!"

"பார்த்துக்கறேன் மாப்பிள்ளை," என்றார்.

கிழவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்றுதான் அவன் நினைத்தான்.

வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். புள்ளிக்காரரின் சூப்பர்வைசர், மடித்துப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "நாற்பது வருஷம். ஒரு புள்ளியில ஒரு பொய் எழுதினது கிடையாது அந்த மனுஷன். மழையில நனைஞ்சுகிட்டு போய் நின்னு பார்த்துட்டுத்தான் எழுதுவார். சார், ஆபீஸ்ல இரங்கல் கூட்டம் வெக்கப் போறோம். நீங்கதான் பேசணும்."

மருமகன் தலையாட்டினான். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. பொய் எழுத அவருக்குக் கை வராது. எழுதுவதற்கு முன்னால் அது உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அதற்காகத் தண்ணீர் சுமந்தார்.

மனைவி உள்ளறையில் அப்பாவின் சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும், "என்ன, பேன்ட் முட்டியில மண்ணு? விழுந்துட்டீங்களா?" என்றாள்.

அவன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். அவள் ஒரு சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாகக் கேட்டாள்.

"சாகுபடி இல்லைன்னு எழுதிட்டு வந்த நாள்ல அப்பா சாப்பிட மாட்டார்," என்றாள் கடைசியில். "சின்ன வயசுல, செருப்பைக் கழட்டற சத்தத்துலேயே எனக்குத் தெரிஞ்சிடும். இந்த நாலு வருஷமா ஒழுங்கா சாப்பிட்டார். வயசான காலத்துல உடம்பு தேறிடுச்சுன்னு நான் சந்தோஷப்பட்டேன்."

"நான் ஒரு தடவை ஃபோன் பண்ணினேன்…"

"தெரியும். தெருவுல போறவங்களை எல்லாம் நிறுத்திச் சொன்னாரே. மாப்பிள்ளையே ஃபோன் பண்ணினார், மாப்பிள்ளையே ஃபோன் பண்ணினார்னு. மக பேசிட்டு ஃபோனை நீட்டினதுகூட இல்லை, அவரே என்கூடத்தான் பேசினார்னு." அவள் கையிலிருந்த சட்டையை மறுபடியும் பிரித்தாள். "அதுக்கப்புறம் நீங்க பண்ணவே இல்லையே."

அவன் தரையைப் பார்த்தான். பண்ணவில்லை.

"வெளியில சொல்லப் போறீங்களா?"

அதுதான் கேள்வி. சொன்னால், நாற்பது ஆண்டு பொய் எழுதாத மனிதர் ஒரே வாரத்தில் துறையையே ஏமாற்றிய ஆளாகிவிடுவார், அவளுடைய அப்பா. சொல்லாவிட்டால், தடைச் சட்டம் வராது. அந்தப் பச்சை வட்டங்களைச் சுற்றியிருக்கும் தரிசும், அதற்கப்பால் இன்னும் உழுதுகொண்டிருக்கும் நிலமும் மனைகளாகும். எந்த நிலம் போகக்கூடாது என்று கிழவர் தண்ணீர் சுமந்தாரோ, அந்தத் தண்ணீரே அதை விற்றுக் கொடுத்துவிடும்.

"தெரியலை," என்றான். அது பொய்.

வேலைக்குத் திரும்பிய அன்று இயக்குநரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "பாவம்யா," என்றார். பிறகு, "இப்ப எதுக்குக் கிளறணும்? போனவர் போயிட்டார். இனிமே தண்ணி ஊத்த ஆள் கிடையாது. அடுத்த சீசன்ல அந்தப் புள்ளியெல்லாம் தானா விழும். கோடும் தானா இறங்கும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். நீயும் நிம்மதியா இரு," என்றார்.

"சட்டம் சார்?"

"அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

ஒரு வருஷத்தில் எவ்வளவு நிலம் போகும் என்று அந்தத் துறையில் அவனைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும், இறுக்கிக் கட்டியிருந்த ஒன்றை அவிழ்த்துவிட்டதுபோல அவனுக்கு உடம்பெல்லாம் லேசானது. சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். நடையில் அவன் கால்கள் தாமாகவே வேகமாகப் போயின. அந்த வேகத்தை அவன் இன்றுவரை மறக்கவில்லை.

பிரிவுக்குள் நுழைந்ததும், ஓரமேசைப் பெண் எழுந்து வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கிற வேலை. சில மாதங்களுக்கு முன்பு, மேற்குப் பகுதியில் படத்தில் பச்சை குறைந்துகொண்டே வருகிறதே, நம் கணக்கில் மட்டும் ஏன் குறையவில்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள். அன்று அவன் சிரித்துக்கொண்டே, "மேல இருந்து எட்டிப் பார்க்கறவங்களுக்கு என்னம்மா தெரியும்? எங்க மாமனார் அங்கேயே நின்னு பார்க்கறார்," என்று சொல்லியிருந்தான். பிரிவே சிரித்தது. மாமனார் என்ற சொல்லை அவன் அலுவலகத்தில் பெருமையோடு சொன்னது அந்த ஒரே முறைதான்.

"சார், ரொம்ப வருத்தமா இருக்கு," என்றாள் அவள். "அன்னிக்கு அவரைப் பத்தித் தெரியாம ஏதோ கேட்டுட்டேன். மனசு கேக்கலை. அந்த ஒப்பீட்டுப் படத்தையெல்லாம் எடுத்துடலாம்னு இருக்கேன். நின்னு பார்க்கறவங்களுக்குத்தானே சார் தெரியும்."

அவள் கண்கள் கலங்கியிருந்தன. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எடுக்காதீங்க," என்றான் மருமகன். "நீங்க பார்த்ததுதான் சரி. என் கணக்குதான் தப்பு." பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "அங்க பயிர் இல்லை. பதினோரு இடத்துல எங்க மாமனார் பயறு வெச்சிருந்தார். எனக்காக வெச்சார். நான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கலை."

யாரோ சிரிக்கத் தொடங்கி, சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

அன்று மாலைக்குள் அவன் திருத்தக் குறிப்பை எழுதி, குழுவில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினான். மாமனார் ஏமாற்றினார் என்று அதில் எழுதவில்லை. என்ன நடந்ததோ அதை எழுதினான்; கடைசியில், சரிபார்க்க வேண்டிய இடத்தில் இருந்தவன் நான் என்று எழுதினான். எழுதிப் படித்துப் பார்த்தபோது, பழியை ஏற்றுக்கொள்வதில்கூட ஒரு நல்ல பேர் வாங்கப் பார்க்கிறோமோ என்று தோன்றியது. ஆனாலும் அந்த வரியை அடித்துவிடவில்லை.

பிறகு நடந்தவை எதிர்பார்த்தபடியே நடந்தன. கோட்டின் கடைசித் துண்டு படியிறங்கிப்போனது. இயக்குநர் அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, நடையில் எதிர்ப்பட்டால் ஃபோனைக் காதில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். தடைச் சட்டத்தைப் பற்றிய பேச்சைத் திரும்பவும் எடுத்திருக்கிறார்கள்; எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. இரங்கல் கூட்டம் நடக்கவில்லை. சூப்பர்வைசர் ஒருமுறை ஃபோன் செய்தார். "எங்க எல்லாருக்கும் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டாரே சார்," என்றார். மருமகன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற மனைவிக்கும் அது கேட்டது.

அவள் சில நாள் அவனிடம் பேசவில்லை. சாப்பிட வாங்க என்பதைக்கூடத் தட்டை வைக்கும் சத்தத்தால் சொன்னாள். ஒரு விடுமுறை நாள் காலையில், அப்பாவின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"மறு சர்வேக்கு ஆள் வருவாங்கதானே?"

"அடுத்த வாரம் வருவாங்க."

"வட்டத்துக்குள்ள பயிர் நின்னா அவங்களும் சாகுபடின்னுதானே எழுதியாகணும்?"

"ஆமா. விதி அதுதான்."

"அப்போ வாங்க. நாமளே போய்ப் பிடுங்கிடலாம். வேற யாரோ வந்து சிரிச்சுக்கிட்டுப் பிடுங்க வேண்டாம்."

மொபெட்டிலேயே போனார்கள். வேலை எளிதாகத்தான் இருந்தது. தண்ணீர் இல்லாமல் பல வட்டங்கள் ஏற்கெனவே வாடியிருந்தன. மனைவி ஒரு பக்கமிருந்தும் அவன் மறுபக்கமிருந்தும் பிடுங்கி, செடிகளைக் குச்சியிலிருந்து தள்ளிக் குவித்தார்கள். ஒரே ஒருமுறை, முள்வேலியில் மாட்டியிருந்த கிளிப்புகளைப் பார்த்து, "இதை வீடு முழுக்கத் தேடினேன் நான்," என்றாள். கிளிப்புகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

டயர்க்கடைக்குப் பின்னால் இருந்த வட்டம் கடைசி. அது மட்டும் வாடவே இல்லை. அவர்கள் வந்து நிற்பதைப் பார்த்து டயர்க்கடைக்காரர் ஓடிவந்தார்.

"நான்தாங்க ஊத்தினேன். பெரியவர் வெச்சது, கண் முன்னால காயுதேன்னு. தப்பா?"

"தப்பில்லைங்க," என்றான் மருமகன்.

"எதுக்குப் பிடுங்கறீங்க? இன்னும் பத்து நாள்ல காய் முத்திடுமே."

மருமகன் குனிந்து முதல் செடியைப் பிடுங்கினான். டயர்க்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கடைக்குப் போய்விட்டார். மனைவியும் பிடுங்கத் தொடங்கினாள். குச்சி வரைக்கும் வந்தாள். அங்கே, அப்பா விழுந்த பக்கத்தில், அவர் உடம்பின் கனத்தில் சாய்ந்த சில செடிகள் தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு காய் பிடித்திருந்தன. அவள் அவற்றின் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

மருமகன் தன் கையிலிருந்த செடிகளைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி, முட்செடிகளின் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். அவள் அழுது முடிக்கும்வரை திரும்பவில்லை. பக்கத்தில் போய் உட்காரத் தனக்கு உரிமை இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

"போலாம்," என்றாள் அவள்.

அந்த வட்டத்தில் பாதிச் செடிகள் இன்னும் பிடுங்காமல் நிற்கின்றன.